ஆறு டன் மின்சார பாய்லர் வாங்கலாமா? ஒரு சாய ஆலையின் கேள்விக்கு விரிவான பதில்

திருப்பூர் வட்டாரத்தில் நாளொன்றுக்குப் பத்து டன் பருத்திப் பின்னல் துணிக்குச் சாயமேற்றும் ஆலையை நடத்தும் ஒருவரின் கேள்வி இது. துணி வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் நிலக்கரி பாய்லரைக் கைவிடச் சொல்கிறது. மாற்றாக, மணிக்கு ஆறு டன் நீராவி தரும் மின்சார பாய்லருக்கு அவருக்கு ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. அதை வாங்கினால் கார்பன் உமிழ்வு உண்மையிலேயே குறையுமா, செலவைத் தொழில் தாங்குமா என்று கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த பாய்லரை இப்போது வாங்காதீர்கள். ஆனால் ஆலையின் சூட்டை மின்சாரத்துக்கு மாற்றும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள். இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை என்பது விளங்கும்.

ஒரு டன் நீராவியை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரை ஏழு பார் அழுத்தமுள்ள நீராவியாக்க ஏறக்குறைய 735 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும். கிலோவுக்கு 4,200 கிலோகலோரி தரும் இந்தோனேசிய நிலக்கரியை 75 சதவீதத் திறனுள்ள பாய்லரில் எரித்தால் இதற்குச் சுமார் 200 கிலோ கரி செலவாகும்; புகைபோக்கி வழியே சுமார் 340 கிலோ கரியமில வாயு வெளியேறும். அதே நீராவியை மின்சார பாய்லரில் எடுத்தால், அதன் திறன் 98 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 750 யூனிட் மின்சாரம் வேண்டும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது என்பது மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கிலிருந்து தெரிகிறது. ஆகவே 750 யூனிட்டுக்கு 530 கிலோவாவது ஆகிவிடும். உங்கள் ஆலையில் புகைபோக்கி இருக்காது. ஆனால் 340 கிலோ வந்த இடத்தில் 530 கிலோ வரும், அது எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து வரும்.

இதற்குக் காரணம் எளிது. அனல்மின் நிலையத்தில் எரியும் கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. கரியை எரித்து நீராவியாக்கி, அதைக் கொண்டு டர்பைனைச் சுழற்றி மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுவந்து மறுபடியும் நீராவியாக்குவது, சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வந்து சேரும் வேலை. மின்தொகுப்பின் உமிழ்வு யூனிட்டுக்கு 0.45 கிலோவுக்குக் கீழே இறங்கும் நாளில்தான் மின்சார பாய்லர் நிலக்கரி பாய்லரை வெல்லும். குழாய் வழியே இயற்கை எரிவாயு கிடைக்கும் ஆலைக்கு அந்த எல்லை இன்னும் கடினமானது, 0.22 கிலோ அளவுக்கு இறங்க வேண்டும்.

செலவும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் உயரழுத்த தொழிற்சாலை மின்கட்டணம் யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல். எனவே ஒரு டன் நீராவிக்கு மின்சாரமே 5,250 ரூபாயைத் தாண்டும். கரி கிலோ எட்டு ரூபாய் என்று வைத்தால் அதே நீராவி 1,600 ரூபாய்தான். இதோடு டிமாண்ட் சார்ஜையும், அதாவது இணைப்பின் திறனுக்காக மாதந்தோறும் கட்டும் கட்டணத்தையும், சேர்க்க வேண்டும். ஆறு டன் பாய்லர் முழு வீச்சில் ஓடினால் 4,500 கிலோவாட் இழுக்கும். கே.வி.ஏ. (அந்தத் திறனின் அலகு, ஏறக்குறைய ஒரு கிலோவாட்) ஒன்றுக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகும் கட்டணத்தில், பாய்லருக்காக மட்டும் மாதம் 22 லட்சம் ரூபாய்க்கு மேல், ஒரு கிலோ துணி ஓடாவிட்டாலும், கட்டியாக வேண்டும். புதிய டிரான்ஸ்ஃபார்மர், புதிய இணைப்பு ஆகியவற்றின் செலவு தனி.

இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிட்டு, மின்மயமாக்கல் நம் ஊருக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். மேலே போட்ட கணக்கு, எரியும் கரி செய்த வேலையை அப்படியே மின்கம்பியைக் கொண்டு செய்வதற்கான கணக்கு. அந்த வேலை முழுவதும் தேவையா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

சாய ஆலைகளில் எரிசக்தித் தணிக்கைக்குப் போகும்போது நான் முதலில் பாய்லர் அறைக்குப் போவதில்லை. கழிவுநீர் ஓடும் வாய்க்காலுக்குத்தான் போவேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே நின்றால் எதையும் அளக்காமலேயே விஷயம் புரியும். சோப்பிங் (ஒட்டாத சாயத்தைச் சோப்பு வெந்நீரில் அலசுவது) முடிந்த ஒரு சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின் தண்ணீரைத் திறந்துவிட்டதும், வாய்க்காலின் மேல் போட்ட இரும்புச் சட்டத்தின் இடுக்குகளில் ஆவி எழும்பி எதிர்ச் சுவர் மறையும். தெர்மோமீட்டரை நீட்டினால் 85 டிகிரி காட்டும். அந்தத் தண்ணீர் சமன்செய் தொட்டிக்குப் போய், மற்ற பாத்களின், அதாவது துணிக்காக மெஷினில் ஒவ்வொரு முறையும் நிரப்பும் நீரின், கழிவோடு கலந்து, பிறகு ஒரு கூலிங் டவரின் மேல் ஏறுகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் 40 டிகிரிக்கு மேல் தாங்காது, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளும் சூட்டில் கெட்டுப்போகும். அதனால் குளிர்வித்தே ஆக வேண்டும். ஆக, ஆலையின் ஒரு மூலையில் தண்ணீரைச் சூடாக்கக் கரி எரிகிறது. இன்னொரு மூலையில் அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதற்கு மோட்டார் போட்டு மின்விசிறி ஓடுகிறது. இரண்டுக்கும் காசு கொடுப்பவர் நீங்கள்.

ஒரு பாத்தின் கணக்கு இது. ஒரு டன் துணிக்கு 1:6 என்ற லிக்கர் ரேஷியோவில் (துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள எடை விகிதம்) ஆறாயிரம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக 450 யூனிட் வெப்பம் வேண்டும். பிளீச்சிங், இரண்டு முறை சோப்பிங் என்று மூன்று பாத்கள் இந்தச் சூட்டில் ஓடுகின்றன; சாயம் ஏறும் பாத் உட்பட இரண்டு 60 டிகிரியில், ஒரு கழுவல் 80 டிகிரியில். நாளொன்றுக்குப் பத்து டன் என்றால், தண்ணீரைச் சூடாக்க மட்டும் 29 டன் நீராவி போகிறது. குழாய்களிலும் பழுதான ஸ்டீம் டிராப்களிலும் (நீராவியை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றும் வால்வுகள்) வீணாவதைச் சேர்த்தால் பாய்லர் 40 டன் போடுகிறது. இந்தச் சூட்டில் துணியோடு தங்குவது சொற்பம். மற்றதெல்லாம் வாய்க்காலில் போகிறது.

அதனால் மின்மயமாக்கலின் முதற்படி மின்சாரமே இல்லாதது: வெந்நீர்க் கழிவை, குளிர்ந்த கழிவோடு கலக்க விடாமல், தனி வாய்க்காலில் பிரித்து, ஒரு வெப்பப் பரிமாற்றியின் வழியே விட வேண்டும். மூன்று 95 டிகிரி பாத்களிலிருந்து நாளைக்கு 180 கன மீட்டர் வரும். அதை 85-லிருந்து 45-க்கு இறக்கும்போது, புதிய தண்ணீர் 30-லிருந்து 70-க்கு ஏறும். இது நாளைக்கு 8,300 யூனிட் வெப்பம், அதாவது 11 டன் நீராவி. ஓட்டும் செலவு ஒரு சிறிய பம்ப்புக்கான மின்சாரம் மட்டுமே. துணியிலிருந்து உதிரும் நூல் பிசிறு பரிமாற்றியை அடைத்துவிடும் என்பதால் சுழலும் வடிகட்டி ஒன்றும், பிசிறைத் தாங்கும் அகன்ற வழியுள்ள தகடுகளும் கட்டாயம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் வாங்கி, மூன்று மாதத்தில் பைபாஸ் போட்டு மூலையில் ஒதுக்கிய பரிமாற்றிகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளில் பார்த்திருக்கிறேன்.

இப்போதுதான் மின்சாரத்தின் முறை வருகிறது. எல்லாக் கழிவும் கலந்த தண்ணீர் இனி 43 டிகிரியில் இருக்கும். இதை வைத்து 80 டிகிரித் தண்ணீரைப் பரிமாற்றியால் செய்ய முடியாது, ஏனென்றால் வெப்பம் தானாக மேட்டுக்கு ஏறாது. ஏற்றிவிட ஒரு கருவி வேண்டும். அதுதான் ஹீட் பம்ப். வீட்டு ஃப்ரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்புறக் கம்பியில் விடுவதைப் போல, இது கழிவுநீரின் சூட்டை எடுத்துப் புதிய தண்ணீரில் விடுகிறது. மின்சாரம் இங்கே சூடாக்குவதற்குச் செலவாவதில்லை, சூட்டை மேலே தூக்குவதற்குத்தான் செலவாகிறது. தூக்கும் உயரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைந்த மின்சாரம் போதும். சூட்டை வாங்கும் பக்கம் கழிவுநீரைவிடக் குளிர்ந்தும், கொடுக்கும் பக்கம் புதிய நீரைவிடச் சூடாகவும் இருக்க வேண்டும் என்பதால், ஏறக்குறைய 30 டிகிரியிலிருந்து 83 டிகிரிக்குத் தூக்கும் ஒரு நல்ல கருவி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும். அப்படியானால் ஒரு டன் நீராவிக்கு இணையான வெப்பத்துக்கு 245 யூனிட். கரியமில வாயு 175 கிலோ. நிலக்கரியின் 340-க்கு இது ஏறக்குறைய பாதி, அதுவும் இன்றைய மின்தொகுப்பை வைத்துக்கொண்டே. செலவு 1,700 ரூபாயை ஒட்டி வரும்; கரியின் 1,600-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. எரிவாயு பாய்லரோடு ஒப்பிட்டால் உமிழ்வில் இன்றைக்குச் சமமாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் ஆலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நாளைக்கு 500 கன மீட்டர் கழிவுநீரைப் பத்து டிகிரி குளிர்வித்தால் 5,800 யூனிட் வெப்பம் கிடைக்கும். கம்ப்ரஸருக்கான 2,900 யூனிட் மின்சாரமும் வெப்பமாகச் சேர, 8,700 யூனிட் வெந்நீராக வரும். இது கிட்டத்தட்ட 12 டன் நீராவியின் வேலை. நாளைக்கு 2.3 டன் கரி மிச்சமாகிறது, கரியமில வாயுவில் நிகரமாக ஏறக்குறைய 2 டன் குறைகிறது. கழிவுநீர் 33 டிகிரியில் சுத்திகரிப்புக்குப் போவதால் கூலிங் டவருக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. இதற்குச் சராசரியாக 120 முதல் 150 கிலோவாட் போதும். உங்கள் இப்போதைய மின் இணைப்பிலேயே அநேகமாக இடம் இருக்கும்.

இது காகிதத்தில் கிடைக்கும் உச்சம். சாய வேலை தொகுதி தொகுதியாக நடப்பது. ஒரு மெஷின் வெந்நீரை வெளியேற்றும் நேரமும் இன்னொரு மெஷின் வெந்நீர் கேட்கும் நேரமும் ஒத்துப்போகா. அதனால் பரிமாற்றியையும் ஹீட் பம்பையும் விட, நடுவில் வைக்கும் தொட்டிகள்தான் இந்தத் திட்டத்தின் உயிர் என்பேன். நன்றாகக் காப்பிட்ட 100 கன மீட்டர் தொட்டி ஒன்றில் 85 டிகிரித் தண்ணீரை நிரப்பினால் 6,400 யூனிட் வெப்பம் அதில் இருக்கிறது. அத்தனை யூனிட்டைப் பேட்டரியில் சேமிப்பதற்கு ஆகும் விலையில் இந்தத் தொட்டி ஒரு சிறு பங்குதான். கூரைச் சூரிய மின்சாரம் இருந்தால் பகலில் நிரப்பி இரவு ஷிஃப்டுக்கு எடுக்கலாம். பீக் நேரங்களில் மின்கட்டணம் 25 சதவீதம் கூடும்போது கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத் தொட்டியிலிருந்து ஓட்டலாம்.

இன்னொரு எச்சரிக்கையைச் சாய மாஸ்டரே உங்களுக்குச் சொல்வார்: எல்லா பாத்துக்கும் வெந்நீரைத் திறந்துவிட முடியாது. பருத்திக்குப் போடும் ரீஆக்டிவ் சாயத்தைச் சூடான தண்ணீரில் அவசரமாக விட்டால் துணி சாயத்தை ஒரே சீராகப் பிடிக்காது, ஷேடு திட்டுத் திட்டாக வரும். பிளீச்சிங்குக்கும் சோப்பிங்குக்கும் வெந்நீர் தாராளம். சாய பாத்துக்கு வெந்நீரும் குளிர்நீரும் கலந்து, மாஸ்டர் கேட்கும் சூட்டில் தர வேண்டும். அதற்கான இரட்டைக் குழாயை மெஷினுக்கு மெஷின் போட வேண்டும். இந்தச் சிரமத்துக்குக் கைமேல் பலன் உண்டு. 30 டிகிரித் தண்ணீரை நிமிடத்துக்கு மூன்று டிகிரி வீதம் ஏற்றிக்கொண்டிருந்த மெஷின் 75 டிகிரியில் தொடங்கினால், ஒவ்வொரு சூடான பாத்திலும் 15 நிமிடம் மிச்சம். மூன்று பாத்தில் முக்கால் மணி நேரம். அவசர ஆர்டர் ஓடும் மாதத்தில் அந்த முக்கால் மணியின் மதிப்பு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கோவையின் வார்ப்பாலைகள் கோக் எரிக்கும் க்யூபோலா உலையிலிருந்து மின்சார இன்டக்‌ஷன் உலைக்கு மாறியது கார்பனைக் குறைப்பதற்காக அல்ல. உருகிய இரும்பின் சூட்டையும் கலவையையும் கைக்குள் வைத்திருக்க முடிந்தது, தேவைக்கேற்பச் சிறு அளவிலும் உருக்க முடிந்தது, அதனால் மாறினார்கள். சாய ஆலைகளிலும் ஹீட் பம்ப் பரவினால் மிச்சமாகும் நேரமும் ஷேடின் சீரும்தான் அதைப் பரப்பும், கார்பன் கணக்கு அதன் பின்னால் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, கழிவு உப்புநீரை வற்ற வைக்கும் எவாப்பரேட்டர். திருப்பூருக்கு இது தனிச் சுமை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடாத முறைக்கு நம் ஊர் வந்தது. அது சரியான தீர்ப்பு. நொய்யலின் கடைமடை விவசாயிகள் பட்ட பாட்டுக்கு அதற்குக் குறைந்து எதுவும் நியாயமாகியிருக்காது. ஆனால் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைக்க, பொது சுத்திகரிப்பு நிலையங்களும் தனி ஆலைகளும் நீராவி எரிக்கின்றன. ஆற்றில் போன மாசில் ஒரு பங்கு இப்போது புகைபோக்கி வழியே போகிறது.

உப்புநீரைக் காய்ச்சும் இந்த வேலைக்கு மின்சாரம் மிக நன்றாகப் பொருந்தும், அதன் வரலாறும் உப்பிலிருந்தே தொடங்குகிறது. ஆஸ்திரியாவின் எபன்ஸே உப்பாலையில் 1850-களின் நடுவில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் என்ற பொறியாளர், உப்புநீரிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல், நீர்விசையால் ஓடும் அமுக்கியால் அமுக்கி, சூடேற்றி, அந்த ஆவியைக் கொண்டே மேலும் உப்புநீரைக் காய்ச்சும் கருவியை அமைத்தார். உலகின் முதல் ஹீட் பம்ப் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவர் மிச்சப்படுத்த நினைத்ததும் எரிபொருளைத்தான். இன்று இதை எம்.வி.ஆர். என்ற பெயரில் விற்கிறார்கள். பால் பவுடர் ஆலைகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. ஒரு டன் தண்ணீரை வற்ற வைக்க, ஓர் அடுக்கின் ஆவி அடுத்ததைச் சூடாக்கும் ஐந்து அடுக்கு எவாப்பரேட்டருக்கு 220 கிலோ அளவு நீராவி, அதாவது 75 கிலோ கரியமில வாயு, எம்.வி.ஆருக்கு 40 யூனிட் அளவு மின்சாரம், அதாவது 30 கிலோவுக்குள். உப்பு அடர்த்தி கூடக் கூடக் கொதிநிலையும் ஏறி அமுக்கியின் வேலை கடினமாகும் என்பதால், கடைசி வற்றலை மட்டும் பழைய முறைக்கே விட்டுவிடுவது நல்லது.

ஹீட் பம்ப் கொட்டேஷன்களைப் பார்க்கும்போது, உள்ளே ஓடும் குளிர்பொருள் எது என்று கட்டாயம் கேளுங்கள். ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் வெப்பமாக்கும் தன்மை கொண்டது. 200 கிலோ நிரப்பிய கருவி முழுவதும் கசிந்துவிட்டால் 280 டன்னுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம்; உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய ஐந்து மாதச் சேமிப்பு. அம்மோனியாவிலும் கரியமில வாயுவிலும் ஓடும் கருவிகள் இந்த வெப்பநிலைக்குக் கிடைக்கின்றன. 30 டிகிரித் தண்ணீரை ஒரே ஓட்டத்தில் 80, 90 டிகிரிக்கு ஏற்றுவதில் கரியமில வாயுக் கருவிகள் திறமையானவை. அம்மோனியா என்றால் பாதுகாப்பு ஏற்பாடுகளில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

துணியை விரித்துப் பிடித்து உலர்த்தும் ஸ்டென்டரும் டிரையரும் வேறு கதை. அங்கே 150 முதல் 200 டிகிரி வரை வேண்டும். அதற்குச் சூடான எண்ணெயை அனுப்பும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரை ஹீட் பம்பால் மாற்றுவது இன்றைக்கு நடைமுறையில் இல்லை. ஜப்பானின் கோபெல்கோ 2011-லேயே 165 டிகிரி நீராவி தரும் ஹீட் பம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அவ்வளவு உயரம் தூக்கும்போது ஒன்றுக்கு மூன்று என்ற பலன் கிடைக்காது. இங்கே முதல் வேலை, துணியை டிரையருக்கு அனுப்பும் முன் நன்றாகப் பிழிவது. டன்னுக்கு ஒரு டன் தண்ணீரோடு வரும் துணியை, அந்தத் தண்ணீர் 700 கிலோவாகக் குறையும்வரை பிழிந்தால், ஆவியாக்க வேண்டிய 300 கிலோ தண்ணீரும் அதற்கான 190 யூனிட் வெப்பமும் மிச்சம். பிழியும் ரோலருக்கு ஆகும் மின்சாரம் அதில் ஒரு துளி. நூல் சாயமிடுவோருக்கு ரேடியோ அலையால் உலர்த்தும் கருவி இருக்கிறது. அது நூல்கண்டின் உள்ளிருக்கும் ஈரத்தை நேராகச் சூடாக்குவதால் நூல் கருகுவதில்லை.

நிலக்கரியை நிறுத்திவிட்டு முழுக்க விறகுக்குப் போய்விட்டால் வாடிக்கையாளரின் நிபந்தனை நிறைவேறிவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். உமிழ்வு அறிக்கைகளில் விறகின் கரியமில வாயுவைத் தனியாகக் காட்டுவார்கள், நேரடி உமிழ்வில் சேர்க்க மாட்டார்கள்; எனவே அறிக்கை சுத்தமாகத் தெரியும். வெட்டினால் மறுபடி தழைக்கும் சீமைக்கருவேலத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். எங்கே வெட்டியது என்று லாரிக்காரருக்கே தெரியாத மரத்துக்குப் பொருந்தாது. இன்னொன்றும் உண்டு. ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் எரியும் தீயை 60 டிகிரித் தண்ணீருக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கிடைக்கும் நல்ல விறகை, வேறு வழியில்லாத தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டருக்கு ஒதுக்குங்கள்.

இனி மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளை ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாமல் சுழற்றுகிறது. பின்னலாடைத் தொழிலில் பலருக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையைப் புதிய பாய்லரின் பெயருக்கு எழுதிவிட்டு உமிழ்வு பூஜ்யம் என்று சொல்வது நேர்மையாகாது. அந்த மின்சாரம் நேற்றுவரை வேறு ஒரு மோட்டாரை ஓட்டியது, இன்று அந்த மோட்டார் மின்தொகுப்பிலிருந்து எடுக்கும். புதிய சுமைக்குப் புதிய சூரிய மின்தகடோ புதிய காற்றாலைப் பங்கோ சேர்த்தால்தான் உமிழ்வு உண்மையில் குறையும். நாட்டின் நிறுவு மின்திறனில் பாதி, 2025-ல் புதைபடிவமல்லாத மூலங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் உற்பத்தியாகும் யூனிட்டுகளில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது, இரவில் இன்னும் கூடுதலாக. பகலில் வெந்நீர் போட்டு வைப்பதை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தக் கொட்டேஷனுக்கு வருகிறேன். பரிமாற்றியும் ஹீட் பம்பும் தொட்டியும் வந்த பிறகு, சாயப் பிரிவில் மிஞ்சுவது மூன்று பாத்களை 80-லிருந்து 95-க்கு ஏற்றும் கடைசிப் பதினைந்து டிகிரி. அது நாளைக்கு 3,100 யூனிட் வெப்பம், நாலரை டன்னுக்குக் குறைந்த நீராவி. நடைமுறையில் சேமிப்பு காகிதத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் அதைவிட இரண்டு மடங்கே வைத்துக்கொண்டாலும், மணிக்கு அரை டன் பாய்லர் போதும். அந்த அரை டன் மின்சார பாய்லராக இருக்கலாம், கூரையில் புதிதாகச் சூரிய மின்தகடு போட்டு அதைப் பகலில் ஓட்டலாம்; நூறு டிகிரிக்குக் கீழான வெந்நீர் அமைப்புகள் பாய்லர் சட்டத்தின் கீழ் வராது என்பதால் ஆய்வுச் சுமையும் குறையும். 130 டிகிரி கேட்கும் பாலியஸ்டர் கலப்பு உங்களிடம் அதிகம் ஓடுகிறது என்றால் மட்டும் நீராவியின் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய நிலக்கரி பாய்லரை உடனே கழற்றாமல் ஓராண்டு மாற்றாக நிறுத்தி வையுங்கள். கொட்டேஷன் கொடுத்தவரிடம் ஆறு டன்னுக்குப் பதில் அரை டன்னுக்கு விலை கேளுங்கள். ஹீட் பம்ப் விற்பவரிடம், விளம்பரத்தாளில் அச்சிட்ட பலனை ஏற்காமல், கழிவுநீர் 43-லிருந்து 33-க்கும் புதிய நீர் 30-லிருந்து 80-க்கும் போகும்போது என்ன பலன் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன்பாக, வாய்க்காலில் நான்கு இடங்களில் வெப்பமானியும் ஓட்டமானியும் பொருத்தி இரண்டு வாரம் பதிவு எடுங்கள். இங்கே நான் பொதுக் கணக்கில் எடுத்துக்கொண்ட 85, 43, 500 ஆகிய எண்களின் இடத்தில் உங்கள் ஆலையின் எண்களை வைத்தால், எத்தனை கிலோவாட் கருவி, எவ்வளவு பெரிய தொட்டி என்பது அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும்.